பெயருக்குள் அடைபட்ட கொடி

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விடியற்காலை. பிரான்சு நாட்டின் கிழக்குக் கோடியில் கோல்மார் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள அரசு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்குள் சுமார் 60 பேர் நுழைந்தனர். வேலியிட்டுக் காக்கப்பட்ட ஒரு சிறு தோட்டத்தில் 70 திராட்சைச் செடிகள் நின்றிருந்தன. சற்று நேரத்தில் அவை அத்தனையும் அழிக்கப்பட்டன. வந்தவர்கள் தங்கள் செயலை மறைக்கவும் இல்லை. முந்திய ஆண்டிலும் ஒருவர் இதே செடிகளை வெட்டிப் போட்டிருந்தார். அதிலிருந்து மீண்டுதான் ஆய்வு தொடர்ந்து நடந்து வந்தது.

அந்தச் செடிகள் செய்த குற்றம் என்ன? அவற்றின் வேர்ப்பகுதியில் ஒரு வைரசின் ஜீன் சேர்க்கப்பட்டிருந்தது. திராட்சை இலைகளை விசிறி போலச் சுருங்கச் செய்து, விளைச்சலைக் குறைக்கும் வைரஸ் ஒன்று உண்டு. மண்ணில் வாழும் நூற்புழு ஒன்று அதை வேருக்கு வேர் பரப்புகிறது. ஒருமுறை நோய் கண்ட கொடிக்கு மருந்து கிடையாது. ஆகவே, அந்த வைரசின் மேலுறைப் புரதத்துக்குரிய ஜீனை வேர்ச்செடியில் புகுத்தி, எதிர்ப்பாற்றல் உண்டாகிறதா என்று விஞ்ஞானிகள் சோதித்துக் கொண்டிருந்தனர். மேலே ஒட்டுக் கட்டப்பட்ட கொடி சாதாரணக் கொடியே. பூக்கள் தோன்றியவுடன் கிள்ளி எறியப்பட்டன. அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு சொட்டு ஒயின்கூட வரப்போவதில்லை. ஆயினும் அத்தனை எதிர்ப்பு!

நெல்லிலும் மக்காச்சோளத்திலும் மரபுமாற்றம் பற்றிய வாதங்கள் நாம் அறிந்தவையே. ஆனால் ஒயின் திராட்சையில் அந்த வாதம் ஒரு தனி வடிவம் எடுக்கிறது. அதற்குக் காரணம் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது, அதைச் சட்டம் எப்படிக் காக்கிறது, உயிரியல் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஒரு பயிரின் வரலாற்றில் சட்டமும் அறிவியலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வேர் அமெரிக்கா, கொடி ஐரோப்பா

1863ஆம் ஆண்டளவில் பிரான்சின் தென்பகுதியில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. இலை மஞ்சளாகும், காய் சுருங்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடி பட்டுப் போகும். பட்டுப்போன கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். ஆனால் பூச்சி ஏதும் இராது. 1868இல் தாவரவியல் அறிஞர் பிளான்சோன் தம் நண்பர்களுடன் சேர்ந்து, வாடிய கொடிகளை விட்டுவிட்டு, இன்னும் பசுமையாக நின்ற கொடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்தார். அங்கே மஞ்சள் நிறத்தில், ஊசிமுனை அளவே உள்ள பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. உணவு தீர்ந்த கொடியை விட்டு அவை அடுத்த கொடிக்குப் போய்விடுகின்றன என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அசுவினியை ஒத்த அந்தப் பூச்சியின் பெயர் ஃபில்லாக்சரா. அது வட அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள காட்டுத் திராட்சை இனங்கள் அதனோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து எதிர்ப்பாற்றல் பெற்றவை. ஐரோப்பாவின் திராட்சையான 'வைட்டிஸ் வினிஃபெரா' அதை முன்பின் கண்டதில்லை. 1875இல் ஏறத்தாழ 840 கோடி லிட்டராக இருந்த பிரான்சின் ஒயின் உற்பத்தி, 1889இல் 230 கோடி லிட்டர் அளவுக்கு வீழ்ந்தது.

இதற்குக் கிடைத்த தீர்வு, நோயைக் கொண்டுவந்த நாட்டிலிருந்தே வந்தது. அமெரிக்கத் திராட்சையை வேர்ச்செடியாக நட்டு, அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். வேரைப் பூச்சி ஒன்றும் செய்ய முடியவில்லை; மேலே பழைய பழமே காய்த்தது. இன்றும் ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகளுக்கு வேர் அமெரிக்க இனத்தின் வழிவந்ததே. இரண்டு இனங்கள் ஒரே உடலாக நிற்கும் அந்தச் செடியின் பழத்துக்குச் சட்டம் பழைய பெயரையே அனுமதிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பெயருக்கு இட்ட வேலி

உற்பத்தி வீழ்ந்தபோது போலிகள் பெருகின. உலர்ந்த திராட்சையை ஊறவைத்தும், பிழிந்த சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியும் 'ஒயின்' தயாரிக்கப்பட்டது. எங்கோ விளைந்த மலிவான சரக்கு, புகழ்பெற்ற ஊர்ப் பெயரோடு விற்கப்பட்டது. மெய்யாகப் பாடுபட்ட விவசாயி விலை கிடைக்காமல் நலிந்தான். 1889இல் பிரான்சு ஒரு சட்டம் செய்தது: புதிய திராட்சைப் பழத்தை நொதிக்கச் செய்து பெறுவதே ஒயின், மற்றவை அந்தப் பெயரைத் தாங்கக்கூடாது. 1905இல் உணவுப் பொருள் மோசடிகளுக்கு எதிரான பொதுச் சட்டம் வந்தது. அப்படியும் கொதிப்பு அடங்கவில்லை. 1907இல் தெற்கே லாங்கெடாக் பகுதியில் விவசாயிகள் பல்லாயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். 1911இல் ஷாம்பேன் பகுதியில் கலவரம் மூண்டது.

பெயரை மட்டும் காத்தால் போதாது, அந்தப் பெயருக்குரிய முறையையும் வரையறுக்க வேண்டும் என்ற எண்ணம் ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஷாடோநெஃப்-டு-பாப் என்ற ஊரில் உருவெடுத்தது. சட்டம் படித்தவரும் தோட்ட உரிமையாளருமான லெ ருவா என்பவர் 1923இல் அவ்வூர் விவசாயிகளுக்காகச் சில விதிகளை வகுத்தார். எந்த நிலம் தகுதியானது? லவண்டரும் தைமும் வளரக்கூடிய வறண்ட நிலமே தகுதியானது. எந்தத் திராட்சை வகைகளை நடலாம்? எப்படிக் கவாத்து செய்ய வேண்டும்? ஒயினில் ஆல்கஹால் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? இவ்வாறு ஒவ்வொன்றும் எழுதப்பட்டது.

1935இல் பிரெஞ்சு அரசு இதே கருத்தை நாடு முழுமைக்கும் விரித்து, 'கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப்பெயர்' என்னும் முறையை ஏற்படுத்தியது. மறு ஆண்டு அந்தத் தகுதியைப் பெற்ற முதல் சில ஊர்களுள் ஷாடோநெஃப்-டு-பாப்பும் ஒன்று. அதற்கு அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகள் 13. ஆல்கஹால் 12.5 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ஹெக்டேருக்கு 3,500 லிட்டர் என்பது விளைச்சலுக்கு அடிப்படை வரம்பு. அதிகம் விளைந்தால் பரிசு தருவது பிற பயிர்களின் வழக்கம். இங்கே அதிகம் விளைந்தால் பெயரை இழக்க நேரும்.

ஒயினைத் தரம் பிரிக்க எல்லா நாடுகளும் ஒரே அளவுகோலைக் கொள்ளவில்லை. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோ நகர வணிகர்கள் தயாரித்த பட்டியல், ஒவ்வொரு பண்ணையின் ஒயினும் சந்தையில் பெற்ற விலையை வைத்து ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு உயர்ந்த ஒரே பண்ணை மூட்டோன், அதுவும் 1973இல்தான். பர்கண்டிப் பகுதியில் தரம் பண்ணைக்கு உரியதன்று. மண்ணுக்கு, அதாவது ஒவ்வொரு வயல்துண்டுக்கும் உரியது. ஜெர்மனியில் 1971ஆம் ஆண்டுச் சட்டம், அறுவடை செய்த பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை வைத்துப் படிநிலை வகுத்தது. அமெரிக்காவிலோ திராட்சை வகையின் பெயரே லேபிளில் முதலிடம் பெறுகிறது. அந்தப் பெயரைப் போட அந்நாட்டில் குறைந்தது 75 விழுக்காடும், ஐரோப்பாவில் 85 விழுக்காடும் அந்த வகைத் திராட்சையே இருக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. நிலமும் முறையும் எழுதப்பட்டிருப்பது போலவே கொடியின் வகையும் எழுதப்பட்டிருக்கிறது. வகை மாறினால் பெயர் போகும். பெயர் போனால் விலை போகும்.

விதையால் பெருக்க முடியாத கொடி

'வகை' என்று சொன்னோமே, அது உயிரியலில் எதைக் குறிக்கிறது? திராட்சையின் ஒவ்வொரு உயிரணுவிலும் 19 ஜோடிக் குரோமோசோம்கள் உள்ளன. ஒரு ஜோடியில் உள்ள இரண்டும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. ஆகவே திராட்சை விதையை நட்டால், முளைக்கும் செடி தாயைப் போல இராது. நூறு விதை நட்டால் நூறு விதமான செடிகள் கிடைக்கும். அவற்றுள் பல பயனற்றவை. எனவேதான் விவசாயிகள் தொன்றுதொட்டு, நல்ல கொடியிலிருந்து குச்சி வெட்டி நட்டும், பதியன் போட்டும், ஒட்டுக் கட்டியும் பெருக்கி வந்தனர். குச்சியிலிருந்து வளரும் கொடி, தாயின் மறுபதிப்பு. விஞ்ஞானிகள் மொழியில் ஒரு 'குளோன்'.

அப்படியானால் இன்றைய ஒரு வகை என்பது என்றோ ஒருநாள் ஒரு விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு செடியின் நீட்சியே. அந்தச் செடி எவ்வளவு பழையது? பிரான்சின் ஆர்லியன்ஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.பி. 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த திராட்சை விதையின் டி.என்.ஏ.யை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். அது இன்றும் பயிரிடப்படும் சவன்யான் பிளான் என்ற வகையுடன் முற்றும் பொருந்தியது. 900 ஆண்டுகளாக ஒரே செடி, குச்சி குச்சியாக, கை மாறிக் கை மாறி வாழ்ந்து வருகிறது!

பல புகழ்பெற்ற வகைகளின் பெற்றோரையும் டி.என்.ஏ. ஆய்வு காட்டிக் கொடுத்துவிட்டது. கபர்னே சோவின்யான் என்ற கறுப்புத் திராட்சை, கபர்னே ஃப்ரான் என்ற கறுப்புத் திராட்சைக்கும் சோவின்யான் பிளான் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது என்று 1997இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அடுத்து, உயர்ந்த வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்ற ஷார்டோனே, பீனோ என்ற மதிப்புமிக்க வகைக்கும், தரக்குறைவானது என்று ஒதுக்கப்பட்ட கூவே பிளான் என்ற வகைக்கும் பிறந்தது என்று தெரிந்தது. 'தூய வகை' என்று போற்றப்படுவனவும் கலப்பில் பிறந்தவைதாம். கலந்து வைத்தது இயற்கை, தேர்ந்தெடுத்தவன் விவசாயி.

மறுபதிப்பிலும் பிழைகள் நேர்வதுண்டு. உயிரணு பிரியும்போது ஜீனில் சிறு மாறுதல் ஏற்பட்டால், அந்தக் கிளை மட்டும் வேறாக வளரும். பீனோ நுவார் கறுப்புப் பழம். பீனோ கிரி சாம்பல் கலந்த சிவப்பு. பீனோ பிளான் வெள்ளை. மூன்றும் அடிப்படையில் ஒரே செடி. நிறம் தரும் ஜீன்களில் நேர்ந்த மாறுதலே வேறுபாட்டுக்குக் காரணம். ஆனால் சட்டப் பட்டியலில் இவை மூன்று தனி வகைகள். இன்னொரு பக்கம், ஷார்டோனே என்ற ஒரே பெயரின் கீழேயே காய்ப்பிலும் மணத்திலும் சிறிது சிறிது வேறுபடும் பல குளோன்கள் விற்கப்படுகின்றன. ஆக, எத்தனை மாறுதல் நேர்ந்தால் பெயர் மாற வேண்டும் என்பதை இயற்கை வரையறுத்து வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து மனிதர் வரைந்த கோடு அது.

நிற்கும் கொடி, ஓடும் பகை

900 ஆண்டு ஒரே செடியாக வாழ்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. விதையால் பெருகும் உயிர் தலைமுறைக்குத் தலைமுறை ஜீன்களைக் குலுக்கிப் போட்டு, புதிய நோய்களுக்குப் புதிய விடை தேடுகிறது. குச்சியால் பெருகும் கொடி அப்படிச் செய்ய முடியாது. அதன் பகைவர்களோ ஆண்டுதோறும் புதிய தலைமுறை காண்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து பூச்சி வந்ததற்கு முன்பே சாம்பல் நோய் வந்துவிட்டது. 1878இல் அடிச்சாம்பல் நோய் வந்து சேர்ந்தது. அதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. போர்டோப் பகுதியில் சாலையோரக் கொடிகளிலிருந்து வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது வழக்கம். பார்க்க அருவருப்பாக இருந்தால் யாரும் தொட மாட்டார்கள் அல்லவா? அடிச்சாம்பல் நோய் பரவியபோது, அந்தச் சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக நிற்பதைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். ஆராய்ந்து 1885இல் அறிவித்தார். நம் நாட்டு விவசாயிகளும் அறிந்த 'போர்டோ கலவை' அதுவே.

அன்று தொடங்கிய தெளிப்பு இன்றுவரை நிற்கவில்லை. பிரான்சின் சாகுபடி நிலத்தில் திராட்சைத் தோட்டங்கள் சுமார் 3 விழுக்காடே. ஆனால் அந்நாட்டில் பயன்படும் பயிர்ப்பாதுகாப்பு மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. அதிலும் பெரும்பகுதி பூசணக்கொல்லிகள். செயற்கை மருந்துகளைத் தவிர்க்கும் இயற்கை விவசாயிகளும் செம்பை நம்பியே இருக்கின்றனர். செம்பு மண்ணில் சிதைவதில்லை, சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு. ஆதலால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு இடக்கூடாது என்று வரம்பு வைத்தது. மருந்தையும் குறைக்க வேண்டும், நோயையும் தடுக்க வேண்டும், பெயரையும் இழக்கக்கூடாது. இதுவே இன்றைய திராட்சை விவசாயியின் இக்கட்டு.

கலப்பினத்தின் நீண்ட பாதை

நோய் தாங்கும் அமெரிக்கத் திராட்சையோடு ஐரோப்பியத் திராட்சையைக் கலந்தால் என்ன? இந்த யோசனை 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றி, நூற்றுக்கணக்கான கலப்பினங்கள் பிறந்தன. நோயைத் தாங்கின; நன்றாக விளைந்தன. ஆனால் பலவற்றின் சுவையில் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வாடை வீசியது. மிகை உற்பத்தியால் விலை சரிந்து கொண்டிருந்த 1930களின் நடுவில், இசபெல், நோவா முதலான ஆறு வகைகளைப் பிரான்சு தடை செய்தது. அப்படியும் 1950களின் இறுதியில் கலப்பினங்கள் சுமார் 4 இலட்சம் ஹெக்டேரில் நின்றன. பின்னர் அரசின் கொள்கையால் அவை படிப்படியாக மறைந்தன. உயர்ந்த தோற்றப்பெயர் கொண்ட ஒயினை வினிஃபெரா இனத்திலிருந்து மட்டுமே செய்ய வேண்டும் என்பது ஐரோப்பிய விதியாக நிலைத்தது.

சில விஞ்ஞானிகள் மனம் தளரவில்லை. 1974இல் ஆலன் பூக்கே என்பவர் மோன்பெலியே நகரில், மஸ்கடைன் என்ற அமெரிக்கத் திராட்சையை ஐரோப்பியத் திராட்சையோடு கலக்கும் பணியைத் தொடங்கினார். மஸ்கடைனுக்கு 20 ஜோடிக் குரோமோசோம்கள். ஐரோப்பியத் திராட்சைக்கு 19. எனவே கலப்பு எளிதில் கூடுவதில்லை. கூடிய செடிகளையும் மீண்டும் மீண்டும் ஐரோப்பிய வகைகளோடு கலந்து, நோயெதிர்ப்பு ஜீனைத் தக்கவைத்து, வேண்டாத சுவையைக் களைய வேண்டும். விதை நட்டுப் பழம் காணவே பல ஆண்டுகள் ஆகும் பயிரில் இது ஒரு மனிதனின் பணிக்காலம் முழுவதையும் விழுங்கும் வேலை. அவர் உருவாக்கிய செடிகளின் வழியில், வேறு எதிர்ப்பு ஜீன்களையும் சேர்த்து உருவான நான்கு வகைகள் 2018இல் பிரான்சின் பட்டியலில் ஏறின: ஆர்தபான், விடோக், ஃப்ளோரியல், வோல்ட்டிஸ். இவற்றுக்குத் தேவைப்படும் பூசணக்கொல்லி மிகக் குறைவு.

சட்டமும் மெல்ல நெகிழ்ந்தது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம், தோற்றப்பெயர் கொண்ட ஒயின்களிலும் கலப்பினங்களைச் சேர்க்க இடமளித்தது. மறு ஆண்டு ஷாம்பேன் பகுதி, வோல்ட்டிஸ் வகையைச் சோதனையாக நட அனுமதித்தது. ஆனால் அந்த அனுமதியின் அளவைப் பாருங்கள்: ஒரு விவசாயியின் தோட்டத்தில் 5 விழுக்காடு நிலம், ஒயின் கலவையில் 10 விழுக்காடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான உழைப்பில் பிறந்த செடிக்கு வாயிலில் கிடைத்த இடம் அவ்வளவே. அது ஷார்டோனேயின் உறவாக இருக்கலாம். ஷார்டோனே ஆக முடியாது. கலப்பினம் சேர்ப்பதன் விலை, பெயரை இழப்பது.

ஈஸ்டுக்குள் நுழைந்த ஜீன்கள்

மரபுமாற்றம் ஒயினுக்குள் முதலில் நுழைந்தது கொடியின் வழியாக அன்று, ஈஸ்டின் வழியாக. பழச்சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவது ஈஸ்ட். அது முடிந்தபின் பல ஒயின்களில் இரண்டாவது மாற்றம் ஒன்று நிகழ வேண்டும். பழத்திலுள்ள கூர்மையான மாலிக் அமிலத்தை, ஒருவகைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. தயிரில் உள்ளதும் இந்த லாக்டிக் அமிலமே. இது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுக்கும். நடுவில் ஒயின் கெடவும் கூடும்.

இரண்டு வேலையையும் ஒரே ஈஸ்ட் செய்தால்? கனடாவில் வான் வூரன் என்பவரின் குழு, ஒயின் ஈஸ்டுக்குள் இரண்டு ஜீன்களைச் சேர்த்தது. ஒன்று, வேறொரு ஈஸ்ட் இனத்திலிருந்து. மாலிக் அமிலத்தை உயிரணுவுக்குள் இழுத்து வரும் வாயிற்காவலன் அது. மற்றது, அந்தப் பாக்டீரியாவிலிருந்து. அமிலத்தை மாற்றும் நொதிக்குரியது. 'எம்.எல்.01' எனப்படும் இந்த ஈஸ்டுக்கு 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

அடுத்து வந்தது வேறு விதமானது. நொதித்தலின்போது ஈஸ்ட் வெளியேற்றும் யூரியா, ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் என்ற பொருளாகிறது. இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படுவதால், கனடா 1985இலேயே ஒயினில் இதற்கு வரம்பு கட்டியது. யூரியாவைச் சிதைக்கும் ஜீன் ஈஸ்டிடமே உண்டு. ஆனால் நொதித்தலின்போது அது உறங்கிக் கிடக்கிறது. அந்தச் சொந்த ஜீனையே எப்போதும் விழித்திருக்குமாறு மாற்றினார்கள். 2006இல் இதற்கும் அமெரிக்காவில் வழி கிடைத்தது.

ஐரோப்பாவில் இவற்றுக்கு இடமில்லை. அங்கே ஒயின் தயாரிப்பில், அனுமதிப் பட்டியலில் உள்ளதை மட்டுமே செய்யலாம். இதில் இரு நாட்டு நோக்கின் வேறுபாடு தெரிகிறது. அமெரிக்க நோக்கு, 'கையில் வந்த பொருள் எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறது. ஐரோப்பிய நோக்கு, 'அது எந்த வழியாக வந்தது?' என்று கேட்கிறது.

கத்தரித்துத் திருத்திய ஷார்டோனே

அண்மைக் காலத்தில் ஒரு புதிய கருவி கிடைத்திருக்கிறது. கிரிஸ்பர் எனப்படும் முறையில், டி.என்.ஏ.யின் நீண்ட இழையில் வேண்டிய ஓரிடத்தை மட்டும் தேடிப்பிடித்து வெட்டலாம். அடிச்சாம்பல் நோய் திராட்சையில் குடியேற, திராட்சையின் சொந்த ஜீன்களுள் சிலவே துணை நிற்கின்றன. வீட்டுக்குள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடும் ஆள் போல. அந்த ஜீனைச் செயலிழக்கச் செய்தால் நோய் உள்ளே புகுவது கடினமாகிறது. அயல் உயிரின் ஜீன் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. மற்ற முப்பதாயிரம் ஜீன்களும் அப்படியே இருக்கின்றன. கலப்பினத்தால் தர முடியாத ஒன்றை இது தருவதாகச் சொல்கிறது: நோய் தாங்கும் கொடி, பழைய பெயருடன்.

இத்தாலியில் வெரோனா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய ஒரு நிறுவனம், இவ்வாறு திருத்திய ஷார்டோனேச் செடிகள் சிலவற்றை 2024 செப்டம்பரில் வால்பொலிசெல்லாப் பகுதியில் நட்டது. ஐரோப்பாவில் திறந்த வெளியில் நடந்த இத்தகைய முதல் திராட்சைச் சோதனை இதுவே. 2025 பிப்ரவரியில் ஓர் இரவு, யாரோ வந்து அச்செடிகளை வெட்டி வீழ்த்தினர். கோல்மார் நிகழ்ச்சிக்குப் பதினைந்து ஆண்டு கழித்தும் கதை அதே முடிவைக் கண்டது.

எதிர்ப்பவர்களை அறிவியல் அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது எளிது, சரியன்று. செடிக்குக் காப்புரிமை வந்துவிட்டால், இதுவரை அண்டை வீட்டாரிடம் இலவசமாகக் குச்சி வாங்கி நட்ட விவசாயி, இனி நிறுவனத்தின் வாயிலில் நிற்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஒரு ஜீனை மட்டும் நம்பிய எதிர்ப்பை நோய்க்கிருமி சில ஆண்டுகளில் முறியடித்துவிடாதா என்கிறார்கள். கலப்பின வல்லுநர்களும் இதே அச்சத்தால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு ஜீன்களைச் சேர்க்கின்றனர். மக்கள் நம்பிக்கையால் மட்டுமே நிற்கும் ஊர்ப் பெயர், ஒரு சந்தேகத்தால் சரிந்துவிடும் என்ற பயமும் உண்டு. போலிகளால் ஒருமுறை அழிந்து மீண்ட விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

மறுபக்கம், இன்றைய விதிகளின் கோடு உயிரியலோடு ஒட்டவில்லை என்பதும் உண்மை. கதிரியக்கத்தாலோ ரசாயனத்தாலோ விதையில் கண்மூடித்தனமாக மாறுதல்களை உண்டாக்கி, நல்லதைப் பொறுக்கும் பழைய முறை, ஐரோப்பாவில் மரபுமாற்ற விதிகளின் கடுமையிலிருந்து விலக்கு பெற்றது. குறித்த ஓர் இடத்தில் மட்டும் செய்யும் மாறுதல், 2018இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பால் அந்தக் கடுமைக்குள் வந்தது. இந்த முரண்பாட்டைச் சீர்செய்ய, இயற்கையிலும் நேரக்கூடிய சிறு மாறுதல்களைத் தனி வகுப்பாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் முன்மொழிந்தது.

எது அதே கொடி?

நாம் முன்பு நினைவில் வைத்த செய்திக்கு வருவோம். வேர் முழுவதும் வேறு இனமாக மாறியபோது பெயர் மாறவில்லை. நிற ஜீன்களில் இயற்கையாக நேர்ந்த மாறுதலுக்குப் புதிய பெயர் வந்தது. நோயெதிர்ப்புக்காகக் கலப்பு செய்தால் பெயர் போகிறது. அதே பயனுக்காக ஒரு ஜீனை முடக்கினால் பெயர் நிற்குமா என்பது வழக்காக நிற்கிறது. மாறுதலின் அளவை வைத்து இந்தத் தீர்ப்புகளை விளக்க முடியாது. பெயர் என்பது செடியைப் பற்றிய விவரம் மட்டுமன்று; விளைவிப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையைத் திருத்தலாம், ஆனால் இரு தரப்பும் அறிந்து, ஒப்பித் திருத்த வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒட்டுக் கட்டுதல் ஏற்கப்பட்டதும் வாதாடி, சோதித்துப் பார்த்து, கண்ணால் கண்டு தெளிந்த பின்னரே. தோட்டத்தில் நின்ற செடியை இரவில் வெட்டிவிட்டால் அந்தத் தெளிவுக்கு வழியில்லாமல் போகிறது. லேபிளில் சொல்லாமல் மறைத்தாலும் அதே கதிதான்.

இது தொலைவில் நடக்கும் வழக்கு என்று நாம் இருந்துவிட முடியாது. ஒயினின் ஊர்ப் பெயருக்குத் தோன்றிய சட்டக் கருத்தே 1995இல் உலக வாணிப அமைப்பின் உடன்பாட்டில் இடம்பெற்று, இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டமாக வந்தது. அச்சட்டத்தின் கீழ் 2023இல் குறியீடு பெற்றது தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை. அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஐரோப்பாவின் இரு பழைய வகைகளுக்குப் பிறந்த கலப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களிலும் அது குச்சியால்தான் பெருகுகிறது. அங்கும் மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் வருகிறது. விவசாயி மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். நாளை யாரேனும் நோய் தாங்கும் ஒரு பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்து கொடுத்தால், 'இது அதே பன்னீர் திராட்சைதானா?' என்ற கேள்வி அவரிடமும் நம்மிடமும் வந்து நிற்கும். அதற்கு விடை சொல்ல, ஜீன் என்றால் என்ன என்பதையும், பெயர் எதற்காக உண்டாயிற்று என்பதையும் நாம் இப்போதே அறிந்து வைத்திருப்பது நல்லது.